இருபத்தேழு எழுத்து அகலம்

ரொவீகோவில் பனி இறங்கினால்
தெருவிளக்கு எரியும், அதன் கால் தெரியாது.
இரவு ஒன்பதரை.
மாடியில் நானும் மரண அறிவித்தல் பக்கமும்.
ஒரு பத்தியின் அகலம் இருபத்தேழு எழுத்து.
அதில் அடங்காத துக்கத்தை
அசை பார்த்து உடைப்பது என் வேலை.

கணினியும் உடைக்கும், தப்பாக.
நேற்று ஒரு ஜன்னலை
ஃபினெஸ் என்று மேலே நிறுத்தி
த்ராவைக் கீழே தள்ளியிருந்தது.
எங்கள் மொழியில் ஸ்
முன்னால் இருப்பவரோடு தங்காது,
பின்னால் வருபவரோடு கிளம்பிவிடும்.
ஃபி. நே. ஸ்த்ரா.
இரட்டை மெய் என்றால் நடுவில் கத்தி:
மாம் மேலே, மா கீழே,
அம்மா இரண்டு வரியில்.
கலந்துவிட்ட இரண்டு உயிரைப் பிரிக்கக் கூடாது.
கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் உயிர்களை
விதிப்படி பிரிக்கலாம்,
பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.
நான் கல்யாணங்களைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்கர்தோவாரியிலிருந்து ஒரு காகிதம்.
ஜெலிந்தோ ஃபினோத்தி, சிப்பி வளர்ப்பவர்,
தம்பி ஒரேஸ்தேக்கு எழுதியது.
சொல்லுக்கு இவ்வளவு என்று காசு,
அவர் வாங்கியது ஐந்து சொல்.
ஒரேஸ்தே, எல்லாம் ஆன பிறகு,
தி பெர்தொனொ.

கடைசிச் சொல்லில் நின்றுவிட்டேன்.
எடையை முதல் அசையில் வைத்தால் பேர்தொனொ:
உன்னை இழக்கிறார்கள்.
ஓரடி நகர்த்தி வைத்தால் பெர்தோனொ:
உன்னை மன்னிக்கிறேன்.
எழுத்து எதையும் காட்டிக்கொடுக்காது.
கடைசி அசையில் விழுகிற அழுத்தத்துக்குத்தான்
தலையில் கோடு போடுவோம்.
மற்றதெல்லாம் படிப்பவர் பாடு.

தொலைபேசியில் கேட்டேன்,
எந்த அசையை ஐயா அழுத்துகிறீர்கள்?
பின்னால் படகு எஞ்சின்.
இல்லை, குளிர்பெட்டி.

"சின்னதில் அவன் ஒரெஸ்தீனோ.
ஆறடி வளர்ந்ததும் ஒரெஸ்தோனே.
அப்பாவின் சிப்பிக் கயிறுகளில் பாதியை
கோரோ ஊர்க்காரனுக்கு விற்றுவிட்டு வந்தானே, அன்றைக்கு
அம்மாவே வாயைத் திறந்து ஒரெஸ்தாச்சோ என்றாள்.
பதினோரு வருஷம் அந்தப் பேர்தான்."

தொழில் புத்தி, ஓரத்தில் குறித்துக்கொண்டேன்:
எந்த விகுதி சேர்ந்தாலும்
அழுத்தம் வாலுக்குப் போய்விடுகிறது.
ஞானஸ்நானப் பேர்
எடையில்லாமல் முன்னால் நிற்கிறது.

சரி, அந்தச் சொல்?
"அச்சில் தெரியுமா?"
தெரியாது.
"அப்போ விடுங்கள்.
அவன் பெண்டாட்டி ஒரு மாதிரி படிக்கட்டும்,
கோரோக்காரன் ஒரு மாதிரி."
தன்னைப் பற்றிச் சொல்லாமலே வைத்துவிட்டார்.

வரியை ஓடவிட்டேன்.
காற்புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து
இருபத்தாறில் பெர் முடிந்தது.
இருபத்தேழில் இணைப்புக்கோடு.
கீழ்வரியில், ஒண்டியாக, தோனொ.

தோனொ என்றால் கொடை.
அதன் முன்னால் பெர் தனித்து நின்றால்
கொடையாக, என்று ஆகும்.
அகராதியை இழுத்தேன், இந்த நேரத்தில் எதற்கு என்று தெரியாமல்.
மன்னிப்பதற்கு அடியில்: முழுக்க, கொடு.
நாலு பத்தி மேலே, இழப்பதற்கு அடியிலும்
அதே முழுக்க, அதே கொடு.
ஒரே மரத்தை இழைத்துத்தான்
இரண்டு கதவும் செய்திருக்கிறார்கள்.

ஒரு சொல்லைக் குறைக்கச் சொல்லியிருந்தால்
வரி உடையாமல் உட்கார்ந்திருக்கும்.
சொல்லவில்லை.
பக்கத்தை அனுப்பும் முன்
காலி அறையில் ஒரு தரம் சத்தமாகப் படித்தேன்.

குப்பைக்கூடை எடுக்க வந்த லுத்மீலா,
மோல்தோவாக்காரி, வாசலில் நின்று கேட்டாள்:
"யார், யாரை இழந்தது?"